பத்து நாள் மட்டும் ஓடும் அருவிகள்: சேலம், திருச்சிப் பக்கத்து மலைகளில் தேடிப் போவது எப்படி?

திருச்சியில் இருக்கும் எனக்குப் பச்சைமலையும் கொல்லிமலையும் இரண்டு மூன்று மணி நேரப் பயணம். அந்த மலைகளில் பெயர்ப் பலகை இல்லாத சின்னச் சின்ன அருவிகள் நிறைய உண்டு என்று கேள்விப்பட்டு, இரண்டு மழைக்காலம் அலைந்தேன். முதல் தடவை போனபோது பாறை காய்ந்து கிடந்தது. இரண்டாவது தடவை பாதி வழியில் வனக்காப்பாளர் நிறுத்தி, இது காப்புக்காடு, திரும்பிப் போங்கள் என்றார். மூன்றாவது தடவை அனுமதிக்கு எழுதினேன், அதுவும் தவறான அலுவலகத்துக்கு. பதில் வருவதற்குள் பருவமே முடிந்துவிட்டது. நான்காவது முயற்சியில்தான் தண்ணீர் விழுவதைப் பார்த்தேன். உங்களுக்கு அந்த மூன்று வீண் முயற்சிகளும் மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இதில் சொல்வது எல்லாம் பச்சைமலை, கொல்லிமலை, கல்வராயன்மலை, சேர்வராயன்மலை, ஏலகிரி, ஜவ்வாது ஆகிய கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்குப் பொருந்தும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பருவமும் விதிகளும் பல இடங்களில் வேறு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும்.

1. இடத்துக்கு முன்னால் தேதியைப் பிடியுங்கள்

புதிதாகக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் "அருவி எங்கே இருக்கிறது?" என்றுதான் தேடுகிறார்கள். எப்போது ஓடும் என்பதுதான் அதைவிட முக்கியம்.

குற்றாலத்தில் சீசன் என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அந்த நினைப்பிலேயே ஜூலையில் பச்சைமலை ஏறினால் ஓடையில் கூழாங்கல்தான் இருக்கும். ஜூன், ஜூலையில் இந்த மலைகளில் குற்றாலம் அளவுக்கு மழை இருப்பதில்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் மாலை இடிமழை மண்ணை நனைக்கத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். அக்டோபர் கடைசி வாரம் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரைதான் நமக்கான காலம். அதற்குள்ளும் ஒவ்வொரு அருவிக்கும் சில நாட்கள்தான்.

ஏன் அப்படி? அருவிக்கு மேலே எவ்வளவு பரப்பில் விழும் மழை அந்த ஓடைக்கு வந்து சேர்கிறதோ, அதுதான் அதன் ஆயுள். 1 சதுர கிலோமீட்டரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் மொத்தம் 5 கோடி லிட்டர் தண்ணீர். கேட்க நிறைய. ஆனால் காய்ந்த மண் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். அதனால் பருவத்தின் முதல் பெருமழையை நம்பிக் கிளம்பாதீர்கள். மண் ஊறிய பிறகு வரும் இரண்டாவது, மூன்றாவது மழைதான் பாறையில் இறங்கும். என் குறிப்பேட்டில் உள்ள கணக்கு இது: மண் ஊறிவிட்ட நவம்பரில், இரண்டு நாளில் 40, 50 மில்லிமீட்டர் பெய்து வெயில் வந்தால், அடுத்த இரண்டாம் நாள் போவது சரியாக இருக்கும். அரை சதுர கிலோமீட்டர் மட்டுமே பரப்புள்ள ஓடை மூன்றாம் நாள் நூலாகிவிடும். 5 சதுர கிலோமீட்டர் உள்ளது வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அருவிக்கு மேலே ஏரியோ தடுப்பணையோ இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். ஏற்காட்டின் கிளியூர் அருவியையே பாருங்கள். ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால்தான் அங்கே தண்ணீர் கொட்டும். ஊரே நனைந்திருக்கும், ஏரி நிரம்பாமல் அருவி சும்மா இருக்கும். நீங்கள் தேடும் ஓடையிலும் மேலே ஒரு தடுப்பணை உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

மழை அளவுக்குச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தினசரிப் பட்டியல் போதும். காலை 8:30 வரையிலான 24 மணி நேர மழை அதில் இருக்கும். அடிவார ஊரில் பெய்ததும் மலை மேல் பெய்ததும் ஒன்றல்ல என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

2. வரைபடத்தில் ஓடையைத் தேடுங்கள்

இந்திய நில அளவைத் துறை 1:50,000 அளவு வரைபடங்களை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. பதிவு செய்து, உங்கள் மலை இருக்கும் தாளைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அதில் 1 சென்டிமீட்டர் என்றால் தரையில் 500 மீட்டர். பழுப்புக் கோடுகள் உயரத்தைக் காட்டும். அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு இடையில் 20 மீட்டர் உயர வித்தியாசம். நீலக் கோடாக வரும் ஓடை, பழுப்புக் கோடுகள் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடக்கும் இடத்தைத் தாண்டினால், அங்கே பாறை செங்குத்தாக இறங்குகிறது என்று அர்த்தம். பென்சிலால் வட்டம் போட்டுவிடுங்கள்.

கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் எல்லாமே மேலே ஓரளவு சமதளம், ஓரத்தில் சட்டென்று சரிவு என்ற அமைப்பு கொண்டவை. அதனால் மேல்தளத்தின் விளிம்பைச் சுற்றித் தேடினாலே போதும். ஒரு மாலைப் பொழுதில் பத்துப் பன்னிரண்டு வட்டமாவது விழும்.

அப்புறம் அதே இடங்களைக் கூகுள் எர்த்தில் திறந்து, பழைய படங்களை மாதம் பார்த்துப் புரட்டுங்கள். மார்ச், ஏப்ரல் மாதப் படங்கள்தான் ரொம்ப உதவி. மலை முழுக்கச் சருகு நிறத்தில் இருக்கும்போது ஓடையோரம் மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால், அங்கே மண்ணுக்கடியில் ஈரம் நெடுநாள் நிற்கிறது. மழைக்காலத்தில் அந்த ஓடை ஏமாற்றாது. ஓடைக்கு மேலுள்ள பரப்பை அளக்கவும் அதிலேயே கருவி உண்டு.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் தண்ணீர் இல்லை. நான் முதலில் வட்டம் போட்ட "அருவி" ஒரு வெறும் வெண்பாறை. அதே இடம் மே மாதப் படத்திலும் வெள்ளையாக இருந்தால் பாறைதான், விட்டுவிடுங்கள். இன்னொன்று, இருபது முப்பது அடி அருவிகள் எந்த வரைபடத்திலும் சிக்காது. 20 மீட்டருக்கு ஒரு கோடு போடும் தாளில் 8 மீட்டர் பாறை எப்படித் தெரியும்? அவற்றுக்கு ஊர்க்காரர்கள்தான் வரைபடம்.

3. ஊரில் கேட்பது

பெயர்களே பாதி சொல்லிவிடும். ஊத்து, மடு, பாழி, சுனை, கசம், கோம்பை என்று முடியும் இடப்பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பாழி என்றால் பாறைக்குழியில் நிற்கும் நீர். கசம் என்றால் ஆழமான நீர்நிலை. கோம்பை இரண்டு மலைக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்கு. பெரம்பலூர்ப் பக்கம் பச்சைமலைச் சரிவில் மயிலூத்து என்றே ஓர் அருவி இருக்கிறது. பெயரில் கசம் என்று இருந்தால் குளிக்கும் எண்ணத்தை அப்போதே விட்டுவிடுங்கள்.

இந்த மலைகளில் வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயர் அப்படி இருந்தாலும் பேசுவது தமிழ்தான். டீக்கடையில் உட்கார்ந்து, "அண்ணே, இங்க நீர்வீழ்ச்சி ஏதாவது இருக்கா?" என்று கேட்டால், சுற்றுலாப் பயணி என்று நினைத்து, பலகை வைத்த இடத்துக்குத்தான் வழி சொல்வார்கள். தவறு அவர்கள் மேல் இல்லை, கேள்வி அப்படி. "மழைக்குத் தண்ணி விழுற பாறை எது? மாடு தண்ணி குடிக்க எங்க இறங்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். மாடு மேய்க்கிறவர்களுக்கும் தேன் எடுக்கிறவர்களுக்கும் தெரியாத பாறை இல்லை.

தூரத்தைக் கேட்காதீர்கள், நேரத்தைக் கேளுங்கள். "கூப்பிடு தூரம்தான்" என்று ஒரு பெரியவர் சொன்ன இடத்துக்கு எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அவர்கள் அரை மணி நேரம் என்றால் நீங்கள் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்முன் ஒருவருடைய போன் எண்ணையாவது அவர் சம்மதத்தோடு வாங்கி வாருங்கள். ஆறாவது படியில் அது உயிர்நாடி.

4. அது யார் நிலம்?

இந்த ஒரு படியைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் வீண். மலையில் நீங்கள் பார்க்கும் அருவி கீழ்க்கண்ட நான்கில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும்.

முதலாவது, வனத்துறை கட்டணம் வாங்கித் திறந்து வைத்திருக்கும் சுற்றுலா இடம். ஆத்தூர் அருகே ஆனைவாரி முட்டல் இப்படிப்பட்டது. பழகுவதற்கு இங்கிருந்து தொடங்குவது நல்லது.

இரண்டாவது, தமிழக வனத்துறையின் மலையேற்றத் திட்டமான ட்ரெக் தமிழ்நாடு பாதைகள். 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் தொடங்கினார்கள். ஏலகிரியின் ஜலகாம்பாறை, குற்றாலத்தின் செண்பகாதேவி அருவி, குரங்கணி – சாம்பலாறு என அருவியோடு வரும் பாதைகளும் அதில் உண்டு. இணையதளத்தில் பதிவு, உள்ளூர் வழிகாட்டி, அனுமதி எல்லாம் ஒரே கட்டணத்தில் முடிந்துவிடும். எளிய பாதைக்குச் சில நூறு ரூபாய், கடினமானதற்குச் சில ஆயிரம். 18 வயதுக்குக் கீழே என்றால் தனி விதி உண்டு, இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஊர் நிலம். பட்டா, புறம்போக்கு, கோயில் நிலம், ஊருக்குப் போகும் பொதுப்பாதை ஓரம் எல்லாம் இதில் அடங்கும். மரவள்ளிக் காட்டையும் முந்திரித் தோப்பையும் கடந்து போய் விழும் சின்ன அருவிகள். நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு போகலாம். அதிகம் பேர் அறியாத அருவிகளை நான் கண்டது இங்கேதான். புதியவர்கள் இந்த மூன்றாவது வகையில் மட்டும் தேடுங்கள் என்று அழுத்திச் சொல்வேன்.

நான்காவது, காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைப்பதே குற்றம். அபராதம், வழக்கு இரண்டும் வரும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் உயிரிழந்த பிறகு மலையேற்ற விதிகள் மிகவும் இறுகிவிட்டன. அது சரிதான் என்பது என் கருத்து. எங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் காப்பாற்றப் போகிறவர்களும் ஆபத்தில் சிக்குவார்கள்.

எது எந்த நிலம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நில அளவைத் துறைத் தாளில் காப்புக்காட்டின் எல்லை போட்டிருக்கும். சந்தேகமாக இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். பாதையோரத்து எல்லைக் கற்களையும் கவனியுங்கள். "எல்லாரும் போறாங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று ஊரில் ஒருவர் சொல்வதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊர்க்காரர்கள் விறகுக்கும் மாட்டுக்கும் போய் வருவது வேறு, நாம் போவது வேறு. இரண்டாவது பயணத்தில் நான் சிக்கியது இதனால்தான்.

5. அனுமதிக் கடிதமும் தாள்களும்

காப்புக்காட்டுப் பாதைதான் வேண்டும் என்றால் மாவட்ட வன அலுவலருக்கு எழுத வேண்டும். எந்த மாவட்டம் என்பதில்தான் நான் கோட்டை விட்டேன். பச்சைமலை திருச்சி, சேலம், பெரம்பலூர் என்று மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. நாங்கள் நடக்கத் தொடங்கும் ஊர் ஒரு மாவட்டம், அருவி விழும் பாறை அடுத்த மாவட்டம். தொடங்கும் ஊரை வைத்து விண்ணப்பித்தேன். இரண்டு வாரம் கழித்து, எங்கள் எல்லை இல்லை என்று பதில் வந்தது. நீங்கள் முதலில் அருவிக்கு மிக அருகில் உள்ள வனச்சரக அலுவலகத்துக்கு நேரில் போய், வரைபடத்தைக் காட்டி, இது எந்தச் சரகம், எந்தக் கோட்டம் என்று கேட்டுவிடுங்கள். அரை நாள் வேலைதான்.

கடிதத்தோடு இவற்றை வையுங்கள்:

- வருகிறவர்களின் பெயர், வயது, முகவரி, போன் எண் உள்ள பட்டியல்
- ஒவ்வொருவருடைய ஆதார் நகல்
- வீட்டில் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் பெயரும் எண்ணும்
- தொடங்கும் இடம், முடியும் இடம், நேரம் எழுதிய பாதை வரைபடம்
- வண்டி எண்
- உடன் வரும் உள்ளூர் வழிகாட்டியின் விவரம்
- தீ மூட்ட மாட்டோம், மது அருந்த மாட்டோம், பிளாஸ்டிக் விட்டுவர மாட்டோம் என்ற உறுதிமொழி

இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்பினால் ஸ்பீட் போஸ்ட், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு.

ஒரு மாதம் முன்பே கொடுத்துவிட வேண்டும். ஆனால் அருவி ஓடும் நாள் ஒரு மாதம் முன்பே தெரியாதே? அதனால் ஒரே தேதியை எழுதாமல், "நவம்பர் 10 முதல் 30 வரை, மழை எச்சரிக்கை இல்லாத ஏதாவது ஒரு நாள்" என்று கேளுங்கள். இந்த ஒரு வரியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சரக அலுவலகத்தில் இருந்த ஒரு வனவர்.

சிறு குழுவுக்கு, பட்டியலில் இல்லாத பாதைக்கு அனுமதி கிடைப்பது அரிது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுத்தால் அதோடு விட்டுவிடுங்கள். கோடைத் தீக்காலத்தில் கேட்கவே வேண்டாம். 2025-ல் ட்ரெக் தமிழ்நாடு பாதைகளையே பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடிவைத்திருந்தார்கள்.

6. கிளம்பும் முன் ஒரு போன்

மழை பெய்துவிட்டது, கணக்கும் சரியாக இருக்கிறது. இப்போது ஊரில் வாங்கி வந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். "தண்ணி வருதா?" என்று கேட்காதீர்கள். சொட்டினாலும் வருகிறது என்றுதான் சொல்வார்கள். நம்மை வரவேற்கும் ஆசையில் சொல்வது அது.

"அக்கா, ராத்திரி படுத்திருக்கும்போது சத்தம் கேக்குதா?" என்று கேளுங்கள்.

நான்காவது முயற்சிக்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டபோது அந்த அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "முந்தாநேத்து கேக்கல. நேத்து ராத்திரி நல்லா கேட்டுச்சு. நாளைக்கே வந்துருங்க" என்றார். மறுநாள் விடிகாலை கிளம்பினோம். அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி என்ஜினை அணைத்ததுமே அந்தச் சத்தம் எங்களுக்கும் கேட்டது. தூரத்தில் யாரோ ஓயாமல் முறத்தில் அரிசி புடைப்பதுபோல. முந்திரித் தோப்பைத் தாண்டி இறங்கினால் நாற்பது அடிப் பாறை. தண்ணீர் ஒரே தாரையாக விழவில்லை. பாறையின் வரிகளில் பிரிந்து பிரிந்து, கீழே வரும்போது சேலை விரித்தாற்போல் அகன்றிருந்தது. ஒன்பது நாள் கழித்து அதே அக்காவைக் கூப்பிட்டேன். சத்தம் நின்றுவிட்டது என்றார்.

7. செலவு

நான்கு பேர், இரண்டு பைக், ஒரே நாள். எங்களுக்கு ஆனது இவ்வளவுதான்: பெட்ரோல் 800 ரூபாய், வழிகாட்டியாக வந்தவருக்கு 800, ஊரில் ஒரு வீட்டில் சமைத்துத் தந்த மதியச் சாப்பாட்டுக்கு 600. மொத்தம் 2,200, ஆளுக்கு 550.

வழிகாட்டிக்குக் கொடுப்பதில் பேரம் பேசாதீர்கள். அன்றைக்கு அவர் தன் காட்டு வேலையை விட்டுவிட்டு வருகிறார். கூலியை முன்கூட்டியே பேசி, திரும்பியதும் கையில் கொடுத்துவிடுங்கள். சோதனைச் சாவடியில் கட்டணம் கேட்டால் ரசீது வாங்குங்கள். மலை மேல் எல்லா இடத்திலும் போனில் பணம் அனுப்ப சிக்னல் கிடைக்காது. ஆயிரம் ரூபாயாவது சில்லறையாக வைத்திருங்கள்.

பஸ்ஸில் போவதானால் கடைசி பஸ் எப்போது இறங்கும் என்று நடத்துநரிடமே கேளுங்கள். இணையத்தில் இருக்கும் நேரத்தை நம்பி ஒரு நண்பர் மலையிலேயே இரவு தங்க வேண்டியதாயிற்று.

8. அந்த நாள் எப்படிப் போக வேண்டும்

வடகிழக்குப் பருவக் காலத்தில் இந்த மலைகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் திரளும். நவம்பரில் சூரியன் மாலை 5:45 வாக்கில் மறைந்துவிடும். கோம்பைக்குள் 5 மணிக்கே இருட்டு. அதனால் காலை 7 மணிக்கு நடையைத் தொடங்கி, மதியம் 1 மணிக்குத் தண்ணீரைவிட்டு மேலேறி, 3 மணிக்கு ஊருக்குள் இருங்கள். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை இருக்கும் நாளில் போகவே வேண்டாம்.

வரைபடத்தைப் போனில் முன்பே இறக்கி வையுங்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டிலும் மலை மேல் ஒருவரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், டார்ச், விசில், உலர்ந்த சட்டை ஒன்று, முழுக்கால் பேன்ட், பிடிமானமுள்ள ஷூ. இவ்வளவு போதும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 108. காகிதத்திலும் எழுதி வையுங்கள், போன் நனைந்துபோகலாம்.

9. தண்ணீர் அருகில்

மேலே எங்கோ பெய்யும் மழை, நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக வரும். 2021 அக்டோபரில் ஆனைவாரி அருவியில் திடீர் வெள்ளத்தில் சிக்கிய ஒரு தாயையும் கைக்குழந்தையையும் பாறையில் ஏறிக் காப்பாற்றிய காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வந்த வெள்ளம் ஒரு 17 வயதுப் பையனைக் கொண்டுபோய்விட்டது. இரண்டும் ஆட்கள் நிறைந்த, பலகை வைத்த இடங்கள். யாருமில்லாத ஓடையில் கயிறு போட ஆள் வராது.

இறங்கியதும் முதல் வேலையாக ஓடையோர மரங்களைப் பாருங்கள். எங்கள் அருவிக்குக் கீழே நின்ற ஒரு நீர்மருதின் கிளைக்கவட்டில் காய்ந்த மூங்கில் தட்டையும் சருகும், ஒரு ரப்பர் செருப்பும் சிக்கிக் கிடந்தன. என் நெஞ்சு உயரம். போன வெள்ளம் அந்த மட்டத்துக்கு வந்திருக்கிறது. அந்த மட்டத்துக்கு மேல்தான் பையை வைக்க வேண்டும், உட்கார்ந்து சாப்பிடவும் வேண்டும்.

தெளிந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறினாலோ, சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, சத்தம் கனத்தாலோ உடனே பக்கவாட்டில் மேடேறுங்கள். ஓடையின் போக்கிலேயே ஓடாதீர்கள். பையை எடுக்கத் திரும்பாதீர்கள். ஓடையைக் கடந்து அக்கரைக்குப் போகும் முன், திரும்பி வர முடியாமல் போனால் அந்தப் பக்கம் வழி உண்டா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள்.

பாசி பிடித்த பாறை கறுப்பாக, லேசான மினுமினுப்போடு இருக்கும். அதில் எந்த ஷூவும் நிற்காது. அருவியின் தலைக்குப் போய் எட்டிப் பார்ப்பது, கீழே உள்ள குழியில் குதிப்பது இரண்டும் கூடவே கூடாது. பருவ அருவிகளின் குழியில் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் புதுக் கல் வந்து விழுந்திருக்கும். போன வருடம் ஆழமாக இருந்த இடம் இந்த வருடம் ஆழமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

பலரும் நினைத்துப் பார்க்காத ஆபத்து மலைத்தேனீ. அருவிப் பாறைகளின் நிழலான முகப்பில் பெரிய பெரிய அடைகள் தொங்கும். முதலில் நிமிர்ந்து பாருங்கள். கறுப்பாக அரைவட்டம் தெரிந்தால் சத்தமில்லாமல் விலகிவிடுங்கள். சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள். புகை, பட்டாசு, ட்ரோன் எதுவும் வேண்டாம்.

சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிக்காதீர்கள். அந்த ஓடையின் கீழ்ப்பக்கத்தில்தான் ஊரின் குடிநீர்க் குழாய் தொடங்குகிறது என்பதை நான் திரும்பி நடக்கும்போது பார்த்தேன்.

10. திரும்பி வந்த பிறகு

படம் போடுங்கள், இடக்குறியை மட்டும் போடாதீர்கள். பட்டா நிலத்து அருவிக்கு வாரக் கடைசியில் நூறு பைக் வந்தால், அடுத்த வருடம் அந்த நிலத்துக்காரர் வேலி போட்டுவிடுவார். யாராவது கேட்டால் தேடும் முறையைச் சொல்லிக்கொடுங்கள். நான் இங்கே அந்த ஊரின் பெயரை எழுதாததும் அதனால்தான்.

தேதி, முந்தைய மூன்று நாள் மழை, தண்ணீரின் அளவு, நடந்த நேரம் எல்லாவற்றையும் அன்று இரவே எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அதுதான் உங்கள் கையிருப்பு.

வீட்டுக்கு வந்ததும் துணியை வெந்நீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டுக் குளித்து, கணுக்கால், இடுப்பு, அக்குள் எல்லாம் பூச்சிக்கடி உண்டா என்று பாருங்கள். புதர்க்காட்டில் இருக்கும் சின்னப் பூச்சி கடித்தால் உண்ணிக் காய்ச்சல் வரலாம். கடித்த ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி தொடங்கும். கடிவாயில் சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கலாம், வலிக்காது, அதனால் கண்ணில் படாமலே போகும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகிவிடும். காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். எத்தனாம் தேதி எந்த மலைக்குப் போய் வந்தீர்கள் என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.